ஆடியவர் நடிகையாவது எப்படி? லெஸ்லி கரோனின் கலை வாழ்வை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

ஆடத் தெரிந்தவருக்கு நடிப்பு தானாகவே வந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, ஆடுகிறவர்களைப் படத்தில் சேர்ப்பது ஆட்டத்துக்காக மட்டுமே, வசனம் பேசி நடிப்பது அவர்களுக்கு ஒருநாளும் முழுமையாகக் கைவராது என்று சொல்வோரும் உண்டு. இரண்டு கூற்றுகளும் தவறு என்பதை ஒரே ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு காட்ட முடியும். 1931 ஜூலை 1 அன்று பாரிஸை ஒட்டிய பூலோன்-பியாங்கூரில் பிறந்து, பாலே ஆடுபவராகத் தொடங்கி, ஹாலிவுட் திரைப்படங்களிலும் பாரிஸ், லண்டன் நாடக மேடைகளிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடித்த லெஸ்லி கரோன்தான் அவர். அவருக்கு நடனம் எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை, கொடுக்காததை அவர் எங்கே தேடிக் கற்றார் என்பதைப் படிப்படியாகப் பார்த்தால், "நடனத்திலிருந்து நடிப்புக்கு வந்தார்" என்று ஒரே வரியில் சொல்லிவிடும் செய்திக்குள் எவ்வளவு உழைப்பு மறைந்திருக்கிறது என்பது விளங்கும்.

அக்கரைக்குக் கேட்கும் குரலும் காதோரப் பேச்சும்

வாய்க்காலின் அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடும்போது நாம் வாயைத் திறந்து, கையை உயர்த்தி, முழு உடலாலும் அழைக்கிறோம். தூங்கப்போகும் குழந்தையின் காதோரம் பேசும்போது உதடு அசைவதுகூட வெளியே தெரிவதில்லை. இரண்டும் பேச்சுதான். அக்கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய ஒருவர் அதே குரலில் குழந்தையிடம் பேசினால் குழந்தை திடுக்கிட்டு அழும். அதனால் அவருக்குப் பேசத் தெரியவில்லை என்று பொருளல்ல. தூரம் மாறிவிட்டது, அவர் இன்னும் மாறவில்லை, அவ்வளவே.

பெரிய அரங்கின் மேடையில் ஆடுபவர் அக்கரைக்குப் பேசுகிறவர். கடைசி வரிசையில், மேல்மாடத்தில் அமர்ந்திருப்பவர் அவருடைய கண்ணிமையைப் பார்க்க முடியாது. தோளின் சாய்வையும் கையின் வீச்சையும் முதுகின் வளைவையும் மட்டுமே பார்ப்பார். ஆகவே துயரமும் மகிழ்ச்சியும் அந்தப் பெரிய உறுப்புகளின் வழியாகவே போய்ச் சேர வேண்டும். திரைப்படக் கேமராவோ காதோரம் அமர்ந்திருக்கிறது. முகத்தை மட்டும் திரை முழுவதும் நிரப்பிக் காட்டும் நெருக்கக் காட்சிக்கு குளோசப் என்று பெயர். அந்தக் காட்சியில் தோளுக்கு இடமே இல்லை. கண்ணும் மூச்சும் மட்டுமே மிஞ்சுகின்றன.

இந்தத் தூர வேறுபாடுதான் அடிப்படை. இனிச் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் இதிலிருந்தே கிளைக்கிறது.

பாலே ஓர் உடலை எப்படி வளர்க்கிறது

பாலே என்பது ஐரோப்பாவின் அரண்மனைகளில் தோன்றி, பாரிஸில் இலக்கணம் வகுக்கப்பட்ட மேடை நடனம். ஆடுபவர் பேசுவதில்லை. சிறு வயதிலிருந்தே அன்றாடம் பல மணி நேரப் பயிற்சியால் உடல் ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வார்க்கப்படுகிறது. இடுப்பு மூட்டிலிருந்தே கால்கள் வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கும் நிலை அவற்றுள் முதன்மையானது; அதற்கு டர்ன்அவுட் என்று பெயர். பல ஆண்டுகள் அப்படி நின்றவர் தெருவில் நடக்கும்போதும் பாதங்கள் இருபுறமும் விரிந்தபடியே நடப்பார். மேடையில் அது கண்ணுக்கு நிறைவு. படத்தில் கடைக்குப் போய்வரும் ஏழைப் பெண்ணாக நடிக்கும்போது அந்த நடை அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூச்சும் அப்படித்தான். எவ்வளவு களைத்தாலும் மூச்சிரைப்பது தெரியக் கூடாது என்பது பாலேயின் கட்டளை. வயிற்றுத் தசைகள் இறுகி, விலா மேலெழுந்து, உடல் எப்போதும் மேல்நோக்கி இழுக்கப்பட்டிருக்கும். ஆனால் குரல் பிறப்பது தளர்ந்த வயிற்றிலிருந்து. ஆடுபவர் மறைக்கப் பழகிய மூச்சையே பேசுபவர் வெளிவிட்டாக வேண்டும். பல நடனக்காரர்கள் முதன்முதலில் வசனம் பேசும்போது குரல் தொண்டையிலேயே நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கூச்சம் மட்டுமே காரணமென்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

காலக் கணக்கும் வேறு. நடனத்தில் இசை எண்ணிக்கை தருகிறது. எட்டு எண்ணும் முன் திரும்ப வேண்டும், நான்கில் தாவ வேண்டும். உரையாடலில் எதிரே நிற்பவர் எப்போது வாக்கியத்தை முடிப்பார் என்பதற்கு எண்ணிக்கை கிடையாது. அவர் சொல்வதைக் கேட்டால்தான் தெரியும். அதனால்தான் கேட்பதே நடிப்பில் பாதி என்கிறார்கள்.

இத்தனை தடைகளுக்கு எதிராக நடனம் தரும் கொடைகளையும் சொல்லியாக வேண்டும். படப்பிடிப்பில் நடிகர் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதைத் தரையில் குறியிட்டு வைப்பார்கள். அதற்கு மார்க் என்று பெயர். குனிந்து பார்க்காமலேயே அந்த இடத்தில் வந்து நிற்பது புதிய நடிகர்களுக்குப் பெரும்பாடு, நடனக்காரருக்கோ மேடையின் ஒவ்வொரு அடியும் உடலில் பதிந்த கணக்கு. ஒரே அசைவை இருபது முறை துல்லியமாகத் திரும்பச் செய்வதும், வலியோடு காலையில் எழுந்து வேலைக்கு வருவதும் அவருக்குப் பழக்கமானவை.

சுருக்கமாகச் சொன்னால், இடவுணர்வும் துல்லியமும் ஒழுக்கமும் நடனத்திலிருந்து நேரே நடிப்புக்கு வந்து சேர்கின்றன. நடை, மூச்சு, பார்வை, கேட்டல் ஆகிய நான்கையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

பாரிஸில் அந்தச் சில ஆண்டுகள்

கரோனின் தந்தை பிரெஞ்சுக்காரர். தாய் அமெரிக்கர், அவரும் நடனக்காரர். போர்க்காலத்தில் பாரிஸில் உணவுத் தட்டுப்பாட்டுக்கு நடுவே வளர்ந்த அந்தப் பெண், இசையும் நடனமும் கற்பிக்கும் பாரிஸ் கன்சர்வத்வாரில் பயின்று, 16 வயதில் ரோலான் பெத்தி என்ற இளைஞர் தொடங்கியிருந்த ஷான்செலிசே பாலே குழுவில் சேர்ந்தார். இந்தக் குழுவின் தன்மையைப் புரிந்துகொள்ளாமல் கரோனைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். ஆகவே இங்கே சற்று நிற்கலாம்.

பெத்தி பாரிஸ் ஓபராவின் நடனப் பள்ளியில் வளர்ந்தவர். 1944இல், இருபது வயதில், அந்தப் பெரிய நிறுவனத்தை விட்டு வெளியேறினார். வெளியே வந்து அவர் அமைத்த நடனங்களில் தேவதைகளும் அன்னப்பறவைகளும் இல்லை. 1945இல் அவர் மேடையேற்றிய முதல் பெரிய படைப்பு ஊர் ஊராக அலையும் ஏழை வித்தைக்காரர்களைப் பற்றியது. அடுத்த ஆண்டு, கவிஞரும் திரைப்பட இயக்குநருமான ழான் கொக்தோவின் கதையை ஒட்டி, ஓர் ஓவியனின் அறையில் நிகழும் தற்கொலையை நடனமாக்கினார். ஆடுபவர் அதில் நாற்காலியைத் தூக்கி எறிவார், மேசை மேல் பாய்வார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருப்பார். இவை பாலே இலக்கணத்தில் இல்லாத, நாடகத்துக்கு உரிய செயல்கள்.

அசைவுகளைக் கற்பனை செய்து, யார் எங்கே எப்போது எப்படி ஆட வேண்டும் என்று தீர்மானிப்பவர் நடன அமைப்பாளர். பெத்தியும் அவரோடிருந்த நடன அமைப்பாளர்களும் ஆடுபவர்களிடம் கேட்டது அழகான கோடுகளை மட்டுமல்ல, "நீ யார், இந்த அறைக்குள் எதற்காக வந்தாய்?" என்பதற்கான விடையையும் கேட்டார்கள். 1948இல் டேவிட் லிஷின் அமைத்த, ஈடிப்பஸ் என்ற கிரேக்கப் புராணக் கதையைத் தழுவிய பாலேயில், புதிர் போடும் ஸ்ஃபிங்ஸ் என்ற விந்தை உயிராகக் கரோன் ஆடினார். அச்சமூட்டும் ஒரு பாத்திரத்தை ஒரு சொல்லும் இல்லாமல் 17 வயதுப் பெண் தாங்கி நிறுத்தினார். அதைப் பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்க நடிகரும் நடனக்காரருமான ஜீன் கெல்லி.

ஆகவே அவர் நடனத்தை விட்டுத் திடீரென நடிப்புக்குத் தாவினார் என்று சொல்வது சரியன்று. அவர் ஆடிய நடனமே அதற்குள் பாதி நாடகமாகியிருந்தது.

முதல் படம்: வசனத்தின் இடத்தில் உடல்

கெல்லி தம் அடுத்த படத்துக்கு நாயகி தேடியபோது பாரிஸில் பார்த்த அந்தப் பெண்ணை நினைவுகூர்ந்து, தேர்வுக் காட்சி எடுத்து, எம்ஜிஎம் நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தார். அக்காலத்து ஹாலிவுட்டில் பெரிய நிறுவனங்கள் நடிகர்களைப் பல ஆண்டுகளுக்கு மொத்தமாக ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்தப் படத்தில் நடிப்பது என்பதை நிறுவனமே முடிவு செய்யும். ஸ்டூடியோ ஒப்பந்தம் என்று அதைச் சொல்வார்கள். கரோன் அப்படியொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கலிபோர்னியாவுக்கு வந்தார். வந்த கையோடு, படப்பிடிப்புக்குச் சற்று முன்னர், தன் தலைமுடியைத் தானே பையனைப் போலக் குட்டையாக வெட்டிக்கொண்டார். முடி வளரும் வரை படப்பிடிப்பு காத்திருக்க நேர்ந்தது. போர்க்கால உணவுக் குறைவு உடலில் விட்டுச்சென்ற சோர்வால் இடையிடையே ஓய்வும் தேவைப்பட்டது.

1951இல் வெளிவந்த 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' படத்தை இயக்கிய வின்சென்ட் மினெல்லி அவரை அறிமுகப்படுத்திய விதத்தில் ஒரு பாடமே இருக்கிறது. கதையில் கரோனின் காதலன் தன் நண்பனிடம் அவரைப் பற்றி விவரிக்கிறான். நண்பன் ஒவ்வொரு முறையும் தவறாகப் புரிந்துகொள்கிறான். விவரிப்பு மாற மாற, திரையில் கரோன் வேறு வேறு உடையில், வேறு வேறு நடன வகையில் தோன்றுகிறார்: அடக்கமானவர், குறும்புக்காரி, புத்தகப்புழு, கொண்டாட்டக்காரி. ஒரே பெண்ணின் பல குணங்களை அவர் உடலே சொல்லிவிடுகிறது. படத்தின் முடிவில் வரும் ஏறத்தாழ 17 நிமிட பாலேயிலும் வசனம் கிடையாது. இயக்குநருக்குத் தம் நாயகியின் பலம் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. பேச்சின் பாரத்தை முடிந்தவரை குறைத்து, அசைவின் மேல் கதையை ஏற்றினார். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

ஆனால் இதே முறையில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் நடிக்க முடியாது.

'லிலி': கண்கள் பழகிய இடம்

சுழன்று ஆடும்போது தலை கிறுகிறுக்காமல் இருக்க, நடனக்காரர் தொலைவில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் தலையைக் கடைசியாகத் திருப்பி அதே புள்ளிக்குக் கொண்டுவருவார். அவருடைய பார்வை எப்போதும் அரங்கின் தொலைவில் நிற்கப் பழகியது. அருகில் இருக்கும் ஒரு முகத்தை, அது சொல்வதை நம்பி, ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பது அதற்கு முற்றிலும் வேறான பார்வை.

1953இல் வந்த 'லிலி' படத்தில் கரோனுக்குக் கிடைத்த வேலை அதுதான். பெற்றோரை இழந்த 16 வயதுப் பெண் ஒரு திருவிழாக் கூடாரத்தை வந்தடைகிறாள். திரைக்குப் பின்னால் ஒருவன் இயக்கும் பொம்மைகளோடு, அவை உயிருள்ளவை என்று நம்பிப் பேசத் தொடங்குகிறாள். பொம்மைக்கு முகத்தில் அசைவு குறைவு. ஆகவே உரையாடலின் உயிர் முழுவதும் கேட்கிறவளின் கண்ணில் இருந்தாக வேண்டும். கேட்டல், வியத்தல், சற்றே தயங்கிப் பதில் சொல்லல் என்று அந்தக் காட்சிகள் நகர்கின்றன. எந்தத் தாளமும் அங்கே அவருக்குத் துணை இல்லை. அவருடைய எல்லாப் படங்களிலும் நான் முதலில் வைப்பது இதைத்தான். பெரும் புகழ் பெற்ற படங்கள் அதற்குப் பின்னரே வந்தன என்றாலும்.

கதையில் இன்னொரு செய்தியும் மனத்தைத் தொடுகிறது. பொம்மைகளை இயக்குபவன் முன்னாள் நடனக்காரன். போரில் காலில் பட்ட காயத்தால் ஆட முடியாமற்போனவன். உடலால் பேச முடியாதவன் பொம்மையின் வழியாகப் பேசுகிறான். நடனத்திலிருந்து வந்த நடிகை அவனுக்கு எதிரே அமர்ந்து கேட்கப் பழகுகிறார். இந்த வேடத்துக்காகக் கரோனின் பெயர் ஆஸ்கருக்கு முன்மொழியப்பட்டது; பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

குரல்: பேச்சு ஒன்று, பாட்டு இன்னொன்று

குரல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு திறமைகள் அடங்கியிருக்கின்றன. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் கரோனைப் பற்றிய குழப்பங்களில் பாதி எழுகின்றன.

முதலாவது பேச்சு. திரைப்படத்தில் ஒலிவாங்கி அருகிலேயே இருப்பதால் மெல்லிய குரலும் போதும். நாடக மேடையில் அது போதாது. 1955இல் திரைப்பட இயக்குநர் ழான் ரெனுவார் கரோனுக்காகவே எழுதிய 'ஒர்வே' என்ற நாடகம் பாரிஸில் மேடையேறியது. பாலே மேடையில் பேசாமலே வளர்ந்தவர் அதே நகரத்தின் நாடக மேடையில் பேசி நடித்தார். அடுத்த ஆண்டு லண்டனில், பின்னாளில் பிரிட்டிஷ் நாடக உலகின் பெரும்புள்ளியான பீட்டர் ஹால் இயக்கத்தில் 'ஜீஜி' நாடகத்தில் ஆங்கிலத்தில் நடித்தார். அந்த ஆண்டே இருவரும் மணந்துகொண்டனர். 1961இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி லண்டனில் மேடையேற்றிய 'ஒந்தீன்' நாடகத்தில் நீரில் வாழும் பெண்ணாக நடித்தார். பேச்சுக் கலையை மேடையிலேயே, பார்வையாளர் முன்னிலையிலேயே கற்ற பயணம் அது. திரையில் ஏற்கெனவே பெயர் பெற்ற ஒருவர், தவறினால் எல்லாருக்கும் தெரியும்படியான ஓர் இடத்துக்குத் தானாகவே போய் நின்றார். அந்தத் துணிவைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இரண்டாவது பாட்டு. 'லிலி'யில் வரும் எளிய பாடலைக் கரோன் சொந்தக் குரலிலேயே பாடினார்; அநாதைப் பெண்ணின் மெல்லிய குரலாக அது பொருந்தியது. 1958இல் 'ஜீஜி' இசைப்படமானபோது பாடல்களையும் தானே பாடுவதாக எண்ணிப் பயிற்சி செய்தார். படம் வெளிவந்தபோது பாட்டில் ஒலித்தது பெட்டி வாண்ட் என்ற பாடகியின் குரல். நம் திரைப்படங்களில் பின்னணிப் பாடகர் என்பது எல்லாரும் அறிந்த ஏற்பாடு. பாடகரின் பெயரைச் சொல்லியே பாட்டை நினைவுகூர்கிறோம். அக்கால ஹாலிவுட்டில் அது மறைக்கப்பட்ட ஏற்பாடு. பாடியவரின் பெயர் படத்தில் காட்டப்படவில்லை. ஆகவே உண்மை பின்னர் தெரிய வரும்போது, நடித்தவர் ஏமாற்றிவிட்டதைப் போல ஒரு தோற்றம் உண்டாகிறது. முடிவெடுத்தது நிறுவனம், பழி வந்தது நடிகைக்கு. 'ஜீஜி' ஒன்பது ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

இதுவரை கண்டதைத் தொகுத்தால், உடலை முதல் படத்திலும், கண்ணையும் கேட்டலையும் 'லிலி'யிலும், பேச்சை நாடக மேடையிலும் அவர் வசப்படுத்தினார். பாட்டு மட்டும் பாக்கி நின்றது.

அதே வட்டத்திலிருந்து இன்னொரு பாதை

ஒருவர் போன வழியே எல்லாருக்கும் வழியன்று என்பதற்கு ஸிஸி ஜான்மேரின் வாழ்வு சான்று. 1924இல் பாரிஸில் பிறந்து, ஓபராவின் பள்ளியிலேயே பெத்தியோடு சேர்ந்து வளர்ந்தவர். பின்னர் அவரையே மணந்தவர். 1949இல் லண்டனில் பெத்தி அமைத்த 'கார்மென்' பாலேயில், ஒட்ட வெட்டிய முடியோடு ஆடி ஐரோப்பா முழுவதும் அறியப்பட்டார். அடுத்த ஆண்டே ஒரு பாலேயில் அவரைப் பாடவும் வைத்தார் பெத்தி. அங்கிருந்து 1952இல் ஹாலிவுட் படம், 1954இல் நியூயார்க் பிராட்வே மேடை என்று போய், இறுதியில் அவர் தமக்கு உரியதாகக் கொண்டது பாரிஸின் மியூசிக் ஹால். பாட்டும் ஆட்டமும் வேடிக்கையும் பகட்டான உடைகளும் கலந்த பல்சுவை மேடைக்கு அந்தப் பெயர். 1961இல் ஈவ் சான் லோரன் வடிவமைத்த உடையில், இளஞ்சிவப்பு இறகு விசிறிகள் சூழ அவர் பாடிய பாட்டு, 2020இல் 96 வயதில் அவர் மறையும் வரை அவருடைய அடையாளமாகவே இருந்தது.

கரோன் கேமராவின் அருகில் சென்றார். ஜான்மேரோ தூரத்தை மாற்றவே இல்லை. அக்கரைக்குக் கேட்கும் அந்தப் பெரிய உடல்மொழியை வைத்துக்கொண்டு, அதனோடு குரலைச் சேர்த்துக்கொண்டார். அதனால் மியூசிக் ஹால் அவருக்கு இயல்பாகவே பொருந்தியது.

நடனத்தை முழுவதும் எடுத்துவிட்டால்?

ஒருவர் நடிகையாகிவிட்டாரா என்பதற்கு ஒரு நேரிய சோதனை உண்டு. அவருடைய முதல் கலையை அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டும். 1962இல் வந்த 'தி எல்-ஷேப்ட் ரூம்' அந்தச் சோதனை. லண்டனில் மூட்டைப்பூச்சி நிறைந்த மலிவு விடுதி அறை ஒன்றில், மணமாகாமல் கருவுற்ற ஒரு பெண் தங்குகிறாள். கருப்புவெள்ளைப் படம், ஆட்டமில்லை, பாட்டில்லை, அழகிய உடையில்லை. படிக்கட்டில் ஏறி இறங்குவதும், கட்டிலில் அமர்ந்திருப்பதும், மருத்துவரின் பேச்சைக் கேட்டு முகம் இறுகுவதும்தான் அசைவுகள். மூல நாவலில் ஆங்கிலேயராக இருந்த பாத்திரம், கரோனுக்காகப் பிரெஞ்சுப் பெண்ணாக மாற்றப்பட்டது. உச்சரிப்பு என்ற ஒரே ஒரு எல்லையைப் படம் அப்படிக் கடந்தது.

அதில் அவர் படியேறுவதைக் கவனித்துப் பாருங்கள். மேல்நோக்கி இழுத்துப் பிடித்த பாலே உடல் அங்கே இல்லை. எடை கீழே இறங்கியிருக்கிறது, கால்கள் மனிதரின் கால்களாகியிருக்கின்றன. பல ஆண்டுகள் சேர்த்த பயிற்சியை வேண்டும்போது மறைத்துவைக்க முடிவதும் அந்தப் பயிற்சியின் பயன்தான். இந்தப் படத்துக்காக மீண்டும் பாஃப்டா விருதும், கோல்டன் குளோப் விருதும், இரண்டாவது ஆஸ்கர் முன்மொழிவும் அவருக்குக் கிடைத்தன. பின்னர் பல பத்தாண்டுகள் அவர் சிறிதும் பெரிதுமான வேடங்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடித்தார். 2007இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் சிறப்புத் தோற்றத்துக்காக எம்மி விருது பெற்றார்.

2010 பிப்ரவரியில், 78 வயதில், பாரிஸின் ஷாத்லே அரங்கில் 'எ லிட்டில் நைட் மியூசிக்' என்ற இசைநாடகத்தில் மேடையேறினார். அவர் ஏற்றது தன் இளமைக் காலத்தை அசைபோடும் முதிய சீமாட்டியின் வேடம். அந்தப் பாத்திரம் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பது. ஆடிப் பெயர் பெற்ற நகரத்தில் அவர் அசையாமல் அமர்ந்து பாடினார். குரல் அவருடையதே.